கயத்தாற்றில் ஒரு விசாரணை

திருநெல்வேலியிலிருந்து வடக்கே மதுரைக்குப் போகும் சாலையில், கங்கைகொண்டானைத் தாண்டியதும் தாமிரபரணியின் ஈரம் மண்ணைவிட்டு விலகிவிடும். வயல்கள் போய் மானாவாரிக் காடுகள் வரும். சற்று நேரத்தில் கயத்தாறு. பழைய சாலையில் பேருந்து போகும்போது, கட்டபொம்மன் சிலையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் "இங்கதான் தூக்குல போட்டாங்க" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளையும் 1959ஆம் வருடத்துத் திரைப்படத்தை எங்காவது பார்த்திருக்கும். மேற்கொண்டு பேச்சு இருக்காது.

கொஞ்சம் படித்தவர்கள் இருந்துவிட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். அவர் விடுதலை வீரரா, கொள்ளைக்காரரா என்ற அந்தப் பழைய வழக்கு. எங்கள் பக்கத்தில் இந்த வழக்கு முடிவதே இல்லை. ஒரு சாரார் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலிருந்து பேசுவார்கள். மற்றொரு சாரார் நாங்குநேரி நா. வானமாமலை தேடிப் பதிப்பித்த கதைப்பாடலிலிருந்து பேசுவார்கள். இரு தரப்பும் ஒரு கேள்வியைக் கேட்காமலே எழுந்து போய்விடும். கொள்ளைக்காரராகவே இருந்திருந்தாலும், அவரை அப்படித் தூக்கிலிட மேஜர் பானர்மனுக்குச் சட்டப்படி என்ன உரிமை இருந்தது?

இந்தக் கேள்வி எனக்குக் கயத்தாற்றில் தோன்றியதல்ல. ஆளில்லா விமானத் தாக்குதல்களைப் பற்றிய சர்வதேசச் சட்ட விவாதங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. ஏமன் பாலைவனத்திலும் வஜீரிஸ்தான் மலைகளிலும் நடந்தவற்றைப் பற்றி ஐ.நா. அறிக்கையாளர்களும் நீதிபதிகளும் எழுதியதைப் படிக்கப் படிக்க, இந்த வழக்கை எங்கோ முன்பே கேட்டிருக்கிறோமே என்ற எண்ணம் வந்தது. கேட்டது கயத்தாற்றில்தான்.

* * *

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் நஞ்சை கிராமங்கள் ஆற்காட்டு நவாபின் நேரடி வரிவசூலுக்குள் இருந்தவை. அவற்றைச் சுற்றியிருந்த கரிசல் காடுகளும் மலையடிவாரங்களும் பாளையங்கள். பாளையக்காரர்கள் தம் எல்லைக்குள் வரி வாங்கினார்கள், வழக்குத் தீர்த்தார்கள், ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்திருந்தார்கள். தம் எல்லைக்கு வெளியே இருந்த கிராமங்களிலும் தேசகாவல் என்ற பெயரில் காவல் கூலி பெற்றார்கள். மேலே இருந்த அரசுக்குப் பேஷ்குஷ் எனப்படும் கப்பம் கட்டுவது அவர்களுடைய கடமை. கட்டாத வருடங்களும் உண்டு.

1792இல் கும்பினிக்கும் நவாபுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நவாபு பட்ட கடனுக்கு ஈடாக, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் பொறுப்பு கும்பினிக்கு வந்தது. ஆனால் வசூல் நவாபின் பெயரில்தான். பாளையங்களின் மீதான இறைமை நவாபிடமே இருப்பதாக அந்த உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது. கர்நாடகம் முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தது 1801 ஜூலை 31ஆம் தேதி ஒப்பந்தத்தால். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் கும்பினி இந்தப் பகுதியின் அரசன் அல்ல. அரசனுக்காக வரி வாங்குகிற குத்தகைக்காரன் போன்ற ஒன்று. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்.

1798இல் கலெக்டர் ஜாக்சன், கப்பப் பாக்கிக்காகக் கட்டபொம்மனைத் தம்மை வந்து காணும்படி அழைத்தார். குற்றாலத்தில் தொடங்கி, கலெக்டரின் சுற்றுப்பயணத்தைப் பின்தொடர்ந்து பல நாட்கள் அலைந்த பிறகு, செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் சந்திப்பு வாய்த்தது. அது கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. மதராஸ் அரசு பிரௌன், ஓரம், காஸாமேஜர் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. ஓர் ஆங்கில அதிகாரி செத்திருந்தபோதும், குழு இரு தரப்பையும் கேட்டது. கட்டபொம்மன் மீது கலகக் குற்றம் இல்லை என்றது. ஜாக்சனின் நடத்தையைக் குறை கூறியது. ஜாக்சன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், சுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்பட்டார். ஆக, 1798இன் முடிவில் கும்பினிக்கு விசாரணை என்றால் என்ன என்று தெரிந்திருந்தது.

மறு வருடம் மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். மைசூர்ப் போருக்குப் போயிருந்த படைகள் ஓய்வாகக் கிடைத்தன. புதிய கலெக்டர் லஷிங்டன் படையைக் கேட்டார். பானர்மன் விசேஷ அதிகாரங்களுடன் அனுப்பப்பட்டார். செப்டம்பர் 5இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீது நடந்த முதல் தாக்குதலில் கும்பினிப் படைக்கே சேதம் அதிகம். பெரிய பீரங்கிகள் வந்து சேருமுன் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் கொல்லப்பட்டார். அவர் தலை பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் செருகி வைக்கப்பட்டது. கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டார்.

அக்டோபர் 16. கயத்தாறு. மற்றப் பாளையக்காரர்கள் அனைவரும் வந்து பார்க்க வேண்டும் என்று வரவழைக்கப்பட்டார்கள். குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன: கப்பம் செலுத்தத் தவறியது, அழைத்தபோது வராதது, சிவகிரி விவகாரத்தில் ஆட்களை அனுப்பியது, அரசுப் படையைச் சுட்டது. மரண தண்டனை அறிவிக்கப்பட்டு அன்றே நிறைவேற்றப்பட்டது. குற்றம் சாட்டியவர், பிடிக்கப் படை நடத்தியவர், நீதிபதி, தண்டனையை நிறைவேற்றியவர் எல்லாம் ஒரே மனிதர். மதராஸ் பட்டணத்தில் அப்போது ரெக்கார்டர் நீதிமன்றம் ஏற்பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கே திருடனுக்கும் ஜூரி உண்டு.

* * *

சட்டத்தின் கண்ணில் கட்டபொம்மன் யார்?

அவர் ஓர் எதிரி அரசின் தலைவர் என்றால், நடந்தது போர். போரில் பிடிபட்டவனைப் போரிட்டான் என்பதற்காகக் கொல்லும் வழக்கத்தை அந்தக் காலத்து ஐரோப்பாவே கைவிட்டிருந்தது. அவர் ஒரு குற்றவாளி என்றால், அவரை விசாரிக்க வேண்டியது நீதிமன்றம். அதுவும் எந்த அரசனுடைய குடியோ அந்த அரசனின் பெயரால் அமைந்த நீதிமன்றம். நவாபு உம்தத்துல் உமரா அப்போது உயிரோடு இருந்தார். அவர் பெயரில் ஒரு விசாரணை நடந்ததாக யாரும் பாவனை செய்யக்கூட இல்லை. போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு ஒரு வாசல், குற்றம் சாட்டப்பட்டவனுக்குரிய பாதுகாப்பு மறு வாசல். 'கலகக்காரப் பாளையக்காரன்' என்ற ஒரு சொல்லால் இரண்டும் அடைக்கப்பட்டன.

இன்றைய அளவுகோலை அன்றைய காலத்தின் மேல் வைக்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. சுவிட்சர்லாந்துக்காரரான வாட்டெல் நாடுகளின் சட்டம் பற்றிய தம் நூலை 1758இலேயே வெளியிட்டுவிட்டார். ஒரு நாட்டுக்குள் இரு கட்சிகள் ஆயுதம் ஏந்தி நின்றால், அரசன் மறுதரப்பைக் கலகக்காரர்கள் என்று அழைத்தாலும் போர் மரபுகள் இருவரையும் கட்டுப்படுத்தும் என்று அதில் வாதிட்டார். காரணமும் நடைமுறை சார்ந்தது: ஒரு தரப்பு கைதிகளைத் தூக்கிலிட்டால் மறுதரப்பும் அதையே செய்யும், கொடுமைக்கு எல்லை இராது. ஆங்கில அரசியல்வாதிகள் அறிந்த நூல் அது. வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான பாராளுமன்ற விசாரணை 1788இல் தொடங்கியபோது எட்மண்ட் பர்க், ஐரோப்பாவுக்கு ஓர் அறமும் ஆசியாவுக்கு வேறோர் அறமும் என்று பூகோளத்தை வைத்து நீதியைப் பிரிக்க முடியாது என்று பேசினார். ஏழாண்டு நடந்த வழக்கில் ஹேஸ்டிங்ஸ் 1795இல் விடுதலையானார். அதற்கு நாலு வருடம் கழித்துத்தான் கயத்தாறு.

கட்டபொம்மனின் கைகளும் சுத்தமல்ல என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்கத்துப் பாளையங்களிலும் கிராமங்களிலும் அவருடைய ஆட்கள் கொள்ளையிட்டார்கள் என்ற புகார்கள் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்து நெற்களஞ்சியம் சூறையாடப்பட்டதை, அவர் புகழ் பாடும் வாய்மொழி மரபே மறைக்கவில்லை. ஆனால் இது என் கேள்வியை வலுவாக்குகிறதே தவிரக் குறைக்கவில்லை. கொள்ளைக்காரன் என்று நிரூபணமானால்தான் கொள்ளைக்காரன். நிரூபிக்கும் இடத்துக்குப் பெயர் நீதிமன்றம். வீரரா, கொள்ளைக்காரரா என்று இருநூறு வருடமாக நாம் வாதாடிக்கொண்டிருப்பதே, அன்று நடந்திருக்க வேண்டிய விசாரணை நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

* * *

இரண்டு வருடத்தில் கதை திரும்பியது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பினார்கள். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை நம்ப முடியாத வேகத்தில் மீண்டும் எழுந்தது. கலகக்காரர்கள் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். அங்கே அகப்பட்ட ஆங்கிலேயர்களை அவர்கள் கொல்லாமல் விட்டதைக் கால்டுவெல் எழுதியிருக்கிறார். வாட்டெல் சொன்ன போர் மரபை, அந்த நூலின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் கடைப்பிடித்தார்கள். அண்ணனைத் தூக்கிலிட்டவர்களின் இனத்தார் கையில் கிடைத்தபோது இது நடந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மே 24இல் கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்தார். போர் சிவகங்கைக் காடுகளுக்கு நகர்ந்தது. மருது சகோதரர்கள் அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரை நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில். 73 பேர் அடுத்த ஆண்டு கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கினார்கள். இந்தப் போரைத் தென்னிந்தியக் கலகம் என்ற பெயரில் ஆராய்ந்து 1971இல் நூலாக வெளியிட்டார் பேராசிரியர் கே. ராஜய்யன்.

இந்தப் போரில் கும்பினிப் பக்கம் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் தம் நினைவுகளை வெளியிட்டார். இளம் அதிகாரியாக இருந்தபோது ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அதில் சொல்கிறார். பின்னால் அதே மனிதர் வேட்டையாடப்பட்டுத் தூக்கிலிடப்பட்டதைக் கண்ட துயரத்தையும் எழுதுகிறார். பேச முடியாத ஊமைத்துரையைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் எதிரியின் மேலான வியப்பு அப்படியே நிற்கிறது. பானர்மனும் அப்படியே. தூக்கிலிட்ட மறுநாளே மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், கட்டபொம்மன் கலங்காமல் நின்றதையும், தமக்கு எதிராக நின்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியோடு பார்த்ததையும், கோட்டையைவிட்டு வந்திருக்கக் கூடாது என்று வருந்தியதையும் அவர் குறிக்கிறார். கட்டபொம்மனின் கடைசி நேரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் கொன்றவரின் எழுத்திலிருந்துதான். முகம் பார்த்துக் கொன்றதால் எழுத வேண்டியிருந்தது. இதைப் பிறகு பார்ப்போம்.

* * *

கயத்தாற்றுக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1899இல், ஹேக் நகரில் முதல் சமாதான மாநாடு கூடியது. பலூன்களிலிருந்தும் அதுபோன்ற புதிய முறைகளாலும் குண்டுகளை வீசுவதை ஐந்தாண்டுக் காலத்துக்குத் தடை செய்யும் பிரகடனம் அங்கே உருவாயிற்று. விமானம் பிறப்பதற்கு முன்பே வானிலிருந்து கொல்வதற்குத் தடை! 1907இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1911 நவம்பர் முதல் தேதி, லிபியாவில் ஓர் இத்தாலிய விமானி கையால் வெடிகுண்டுகளை எறிந்தார். அதோடு தடையின் கதை ஏறக்குறைய முடிந்தது.

இந்தச் சட்டங்களிலெல்லாம் எழுதப்படாத ஒரு வேலி இருந்தது. 1914ஆம் வருடத்து பிரிட்டிஷ் இராணுவச் சட்டக் கையேடு அதை எழுதியே வைத்தது: சர்வதேசப் போர் விதிகள் நாகரிக நாடுகளுக்கு இடையேயான போர்களுக்கு, நாகரிகமற்ற அரசுகளோடும் பழங்குடிகளோடும் நடக்கும் போர்களுக்கு அல்ல. பாளையக்காரரின் இடத்தில் இப்போது பழங்குடி வந்துவிட்டது.

வடமேற்கு எல்லைப்புறத்தைப் பார்த்தால் திருநெல்வேலிக்காரருக்கு அந்தப் பூகோளம் அந்நியமாகத் தோன்றாது. ஆற்றங்கரைச் சமவெளி 'நிர்வாக மாவட்டங்கள்'. அங்கே நீதிமன்றம், வக்கீல், மேல்முறையீடு எல்லாம் உண்டு. மலைப்பகுதி 'ஏஜென்சி', அங்கே 1901ஆம் வருடத்து எல்லைப்புறக் குற்ற ஒழுங்குச் சட்டம். ஒருவன் செய்ததற்கு அவன் குலம் முழுவதையும் தண்டிக்கலாம், வக்கீல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. நஞ்சைக்கு ஒரு சட்டம், கரிசலுக்கு ஒரு சட்டம் என்ற பழைய கோடு அங்கே இன்னும் ஆழமாகக் கீறப்பட்டது.

1925இல் தெற்கு வஜீரிஸ்தானின் மஹ்சூத் குலத்தார்மீது பிரிட்டிஷ் விமானப்படை தரைப்படையின் துணையில்லாமல் தனியாகவே ஒரு போரை நடத்தியது. முன்கூட்டித் துண்டறிக்கை போடுவார்கள். பிறகு குண்டு போடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் வான்வழிக் காவல். பாளையக்காரரின் காவல் உரிமையைப் பறித்தவர்களே பிற்பாடு 'காவல்' என்ற சொல்லைக் குண்டுவீச்சுக்குச் சூட்டினார்கள். 1933இல் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் வான்குண்டுவீச்சை உலகெங்கும் ஒழிக்கலாம் என்ற திட்டத்தை பிரிட்டனே முன்வைத்தது. தொலைதூரப் பகுதிகளில் காவல் தேவைக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாநாடு தோற்றது. விலக்கு மட்டும் வாழ்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949இல் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள் வந்தன. நான்குக்கும் பொதுவான மூன்றாவது ஷரத்து, ஒரு நாட்டின் உள்ளே நடக்கும் ஆயுதப் போராட்டத்துக்கும் பொருந்தும்: முறையாக அமைந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லாமல் மரண தண்டனை விதிப்பதும் நிறைவேற்றுவதும் கூடாது. கலகக்காரன் என்று பெயர் வைத்தாலும் கூடாது. கயத்தாற்றில் அடைக்கப்பட்ட வாசலை உலகம் திறந்து வைக்க 150 வருடம் பிடித்தது. இந்தியா 1950இலேயே இவற்றை ஏற்று உறுதி செய்து, 1960இல் தனிச் சட்டமும் இயற்றியது.

* * *

2002 நவம்பர் 3. ஏமனின் மாரிப் பகுதியில் சென்றுகொண்டிருந்த ஒரு கார்மீது அமெரிக்க உளவு நிறுவனத்தின் பிரிடேட்டர் ஆளில்லா விமானம் ஏவுகணை வீசியது. தேடப்பட்டவர் ஒருவர், செத்தவர்கள் ஆறு பேர். அமெரிக்கா அப்போது ஏமனுடன் போரில் இல்லை. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த பாகிஸ்தானிய வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் அடுத்த ஆண்டு தம் அறிக்கையில், இது நீதிமன்றத்துக்கு அப்பாற்பட்ட கொலை என்றார். 2004 ஜூனில் பாகிஸ்தான் மண்ணில் முதல் தாக்குதல் நடந்தது. இடம், தெற்கு வஜீரிஸ்தான். 1925இல் துண்டறிக்கை விழுந்த அதே மலைகள். 1901ஆம் வருடத்துச் சட்டமும் அங்கே அப்போது அமலில் இருந்தது. அந்தப் பகுதி பாகிஸ்தானின் பொதுச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது 2018இல்தான்.

சட்டத்தின் நிலை இதில் குழப்பமானதல்ல. போர் நடக்கும் இடத்தில் போராளியைத் தாக்கலாம். ஆளில்லா விமானத்தாலும் தாக்கலாம். அந்த இயந்திரத்தைத் தனியாகத் தடை செய்யும் ஒப்பந்தம் ஏதும் இல்லை. போராளியையும் குடிமக்களையும் பிரித்தறிய வேண்டும், எதிர்பார்க்கும் இராணுவப் பயனுக்கு மிஞ்சிய குடிமக்கள் சேதம் கூடாது, முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற மூன்று விதிகளும் பீரங்கிக்குப் போலவே அதற்கும் பொருந்தும். போர் நடக்காத இடத்தில் காவல்துறையின் விதி: பிடிக்க முடிந்தால் பிடி, உடனடியாக ஓர் உயிர் போகும் அபாயத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லலாம். மறுபடி அதே இரண்டு வாசல்கள்.

அமெரிக்கா சொன்ன வாதம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. உலகம் முழுவதும் போர்க்களம், ஆகவே காவல் விதி பொருந்தாது. எதிரி ஒரு நாட்டின் படைவீரன் அல்ல, ஆகவே போர்க்கைதியின் உரிமை பொருந்தாது. உடனடி அபாயம் என்ற சொல்லும் நெகிழ்ந்தது. 2013இல் வெளியே கசிந்த அமெரிக்க நீதித்துறையின் ஆவணம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு தாக்குதல் விரைவில் நடக்கப்போகிறது என்பதற்குத் தெளிவான சான்று தேவையில்லை என்று விளக்கம் தந்தது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஒரு கிராமத்தை முற்றுகையிடும் படையைவிட, பல மணி நேரம் மேலிருந்து கவனித்து ஒரு வீட்டை மட்டும் தாக்கும் விமானம் குறைவாகவே அழிக்கும் என்கிறார்கள். பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையில் செத்தவர்களை நினைத்தால் இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் அந்தத் துல்லியம் குறி தவறாமல் அடிப்பதற்கு உதவும். குறி சரியான மனிதன்தானா என்பதைச் சொல்லாது. 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜீரிஸ்தானின் தத்தா கேல் ஊரில், குரோமைட் சுரங்கத் தகராறு ஒன்றைத் தீர்க்கக் கூடியிருந்த பெரியவர்களின் ஜிர்கா மீது ஏவுகணைகள் விழுந்தன. நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஒரு பஞ்சாயத்து. மேலிருந்து பார்த்த கண்ணுக்கு அது ஆயுதக்காரர்களின் கூட்டமாகத் தெரிந்தது. அந்தக் குடும்பங்களின் வழக்கைக் கேட்ட பெஷாவர் உயர் நீதிமன்றம் 2013இல் இத்தாக்குதல்கள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைச் செயல்படுத்தும் வலிமை அதற்கு இல்லை. 2021 ஆகஸ்ட் 29இல் காபூலில் நடந்த தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். எல்லாரும் அப்பாவிகள் என்று அமெரிக்க இராணுவமே சில வாரங்களில் ஒப்புக்கொண்டது. காபூலில் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், தேடினார்கள், தெரிந்தது.

இந்த விஷயத்தில் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் நேருக்கு நேர் நின்று தீர்ப்புச் சொன்னது 2006 டிசம்பரில், இஸ்ரேலில். தலைமை எழுத்து, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி அஹரோன் பராக். குறிவைத்துக் கொல்வதை முற்றாக அனுமதிக்கவும் இல்லை, முற்றாகத் தடுக்கவும் இல்லை அவர். நன்கு சரிபார்த்த தகவல் வேண்டும். கைது போன்ற வேறு வழி இருந்தால் கொல்லக் கூடாது. சேதம் அளவு மீறக் கூடாது. நடந்த பிறகு சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றார். விதி எழுதப்பட்டது. அந்த நாட்டின் போர்கள் அந்த விதிக்குள் நடந்தனவா என்பது வேறு.

* * *

ஆளில்லா விமானம் சுடாமலும் சட்டத்துக்குள் வரும். இதைத் தமிழ் வாசகருக்கு வஜீரிஸ்தானை வைத்து விளக்க வேண்டியதில்லை.

ஈழத்து வன்னியில் இலங்கை விமானப்படையின் வேவு விமானத்துக்கு மக்கள் 'வண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் இடையறாத ரீங்காரத்தைக் கேட்டால், சற்று நேரத்தில் ஏதோ வரப்போகிறது என்று பதுங்கு குழிக்குள் இறங்குவார்கள். வண்டு பார்த்தது, கொன்றது பீரங்கியும் கிபிர் விமானமும். 2009இன் கடைசி மாதங்களைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, விடுதலைப் புலிகள் மக்களைத் தம் பிடியில் கேடயமாக வைத்திருந்ததையும் வெளியேற முயன்றவர்களைச் சுட்டதையும் சொல்கிறது. அரசுப் படை தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களையும் மருத்துவமனைகளையும் ஷெல்லடித்ததையும் சொல்கிறது. தாக்குதலின் விளைவை அரசு தன் சொந்த வேவு அமைப்புகள் வழியாகவும், ஐ.நா., செஞ்சிலுவைச் சங்கத் தகவல்கள் வழியாகவும் அறிந்திருந்தது என்பதும் அதில் உண்டு.

போர்ச் சட்டத்தில் இது முக்கியமான இடம். தெரியாமல் விழுந்த குண்டு வேறு, பார்த்துக்கொண்டே போட்ட குண்டு வேறு. வானில் ஒரு கண்ணை நிறுத்திய அரசு, தெரியாது என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறது. அந்தக் கண் பதிவு செய்த படங்கள் எங்கோ இருக்கத்தான் வேண்டும். அவற்றைப் பார்க்க ஒரு நீதிமன்றத்துக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

* * *

இந்தக் கட்டுரையை அயலார்மீது குற்றம் சொல்வதோடு முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நாங்குநேரி வட்டாரத்தில் விஜயநாராயணம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1990இல் இந்தியக் கடற்படை ஒரு நிலையத்தைத் தொடங்கியது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். கரையில் நின்று தொலைவிலிருக்கும் ஆயுதத்துக்குக் கட்டளை அனுப்பும் அந்த இடத்தின் பெயர், ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 2020 முதல் அரக்கோணத்து ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து, குத்தகைக்கு எடுத்த இரண்டு ஆளில்லா ஸீகார்டியன் விமானங்கள் இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கத் தொடங்கின. 2024 செப்டம்பரில் அவற்றில் ஒன்று வங்கக்கடலில் விழுந்தது. மறு மாதமே, இதே வகையில் ஆயுதம் தாங்கக்கூடிய 31 விமானங்களை வாங்க இந்தியா அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்தது. 2025 மே மாத மோதலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் மீது ஒருவர் இத்தகைய கருவிகளை ஏவிக்கொண்டன. நேற்றுவரை மற்றவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இன்று நம்மிடம் வந்து நிற்கிறது.

வாங்க வேண்டாம் என்று சொல்ல நான் முன்வரவில்லை. எல்லையும் கடலும் உள்ள நாட்டுக்குக் காவல் தேவை. ஆனால் ஒரு மனிதனைப் பட்டியலில் சேர்ப்பவர் யார், அந்தச் சான்றைச் சரிபார்ப்பவர் யார், தவறு நேர்ந்தால் விசாரிப்பவர் யார் என்பதற்கு எழுதப்பட்ட, பாராளுமன்றம் அறிந்த விதி இருக்க வேண்டும் என்று கேட்பது தேசத் துரோகம் அல்ல. 1798இல் கும்பினியே தன் அதிகாரி செத்த பிறகு மூன்று பேரை உட்காரவைத்து விசாரித்து, தன் கலெக்டரையே தவறு என்றது. வணிகக் கூட்டம் ஒன்றால் முடிந்தது குடியரசால் முடியாதா?

கயத்தாற்றில் நடந்தது நீதியல்ல. ஆனாலும் அங்கே பகல் வெளிச்சம் இருந்தது, நூற்றுக்கணக்கான கண்கள் இருந்தன, குற்றச்சாட்டு சத்தமாக வாசிக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் நிமிர்ந்து பார்க்க எதிரே ஒரு முகம் இருந்தது. கொன்றவர் மறுநாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இருப்பதால்தான் இரண்டேகால் நூற்றாண்டு கழித்து நாம் அந்த வழக்கை மறுபடி எடுத்துப் பேச முடிகிறது. தத்தா கேலில் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு வாசிக்கப்பட்ட குற்றச்சாட்டு இல்லை. அவர்கள் எப்படி நின்றார்கள் என்று எழுத எதிரியும் அங்கே இல்லை.

அடுத்த முறை கயத்தாற்றைக் கடக்கும்போது பக்கத்திலிருக்கும் பிள்ளை கேட்டால், "இங்கதான் தூக்குல போட்டாங்க" என்பதோடு இன்னொன்றும் சொல்லலாம் என்றிருக்கிறேன். "விசாரிக்காமப் போட்டாங்க."